ஒதுக்கப்பட்டோர் நடத்திய மருத்துவப் பணி

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப் வண்டிகள் புறப்பட்டுவிடும். தலையில் துண்டும் கையில் சோற்றுத் தூக்குமாகப் பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். கம்பம்மெட்டு வழியாகச் சில வண்டிகளும், குமுளி வழியாகச் சில வண்டிகளும் மலையேறி, கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களை அடையும். மாலையில் அதே வண்டிகள் அவர்களை இறக்கிக் கொண்டுவரும். குமுளியிலிருந்து மூணாறு நோக்கிச் செல்லும் சாலையில், புற்றடிக்கு அருகே, ஆனைக்கரை என்னும் ஊர் இருக்கிறது. அங்கே தமிழும் மலையாளமும் ஒரே தேநீர்க்கடையில் ஒலிக்கும். அவ்வட்டாரத்து ஏலக்காய் புற்றடியிலும் விலை போகிறது. எல்லை தாண்டிப் போடிநாயக்கனூரிலும் விலை போகிறது. சரக்குக்கு எல்லை ஒரு பொருட்டன்று. மனிதருக்கோ, சிறப்பாக நோயுற்ற மனிதருக்கு, எல்லை எப்போதும் ஒரு பொருட்டாகவே இருந்து வந்திருக்கிறது.

கேரளத்தில் இன்னோர் ஆனைக்கரையும் உண்டு. அது பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பாரதப்புழைப் பக்கத்தில் உள்ளது. அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் சார்பில் அமர்ந்த அம்மு சுவாமிநாதன் அந்த ஊரில் பிறந்தவர். சட்டம் காட்டும் வழியிலன்றி எவருடைய உடற்சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்னும் விதியை நாட்டுக்குத் தந்தது அச்சபை. ஆனைக்கரையை இருமுறை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இக்கட்டுரை கூறவிருக்கும் சரித்திரத்தில், மலையேறிப் பிழைக்கும் ஏழைக்கும் அந்த விதிக்கும் உள்ள தொடர்பே நடுப்பொருளாகும்.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போகும் தமிழனை நோயைச் சுமந்து வருபவனாகக் கருதும் பழக்கம் புதிதன்று. 1897இல், பம்பாயில் கொள்ளைநோய் பரவிய காலத்தில், பிரிட்டிஷ் அரசு தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. வீட்டுக்குள் புகுந்து சோதிக்கவும், பயணிகளைத் தடுத்து நிறுத்தவும் அது அதிகாரம் தந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோர், மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, உடற்சோதனைக்கு ஆளான பின்னரே கடல் கடந்தனர். பக்கத்தூர் மருத்துவமனையில் வரிசையில் நிற்கும்போது, 'இவன் எங்கிருந்து வந்தவன்?' என்னும் பார்வையை வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் பலர் இன்றும் அறிவார்கள். எச்.ஐ.வி. என்னும் கிருமி இந்நாட்டில் கண்டறியப்பட்டபோது அந்தப் பழைய பார்வை உடனே விழித்துக்கொண்டது. அது முதலில் விழுந்தது பெண்கள் மீது.

1985ஆம் ஆண்டின் இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற மாணவி செல்லப்பன் நிர்மலா, தம் ஆய்வுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் நோய் தமிழ்நாட்டில் உண்டா என்று ஆராயுமாறு கூறினார். அந்நோய் மேல்நாட்டாருக்கே உரியது என்று இந்தியாவில் பலரும் நம்பியிருந்த காலம் அது. நிர்மலா தயங்கினார், அவருடைய கணவர் ஊக்கம் தந்தார். பாலியல் தொழில் செய்த குற்றத்துக்காகப் பிடிக்கப்பட்டுச் சென்னையில் ஒரு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து அவர் இரத்தம் சேகரித்தார். மூன்று மாதங்களில் சுமார் 80 மாதிரிகள் சேர்ந்தன. அவற்றை வைக்கத் தக்க வசதி இல்லாமையால், தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே பாதுகாத்தார் என்பது இன்று கேட்போர்க்கு வியப்பளிக்கும் செய்தி. 1986 பிப்ரவரியில் அவற்றைக் காட்பாடிக்கு ரயிலில் எடுத்துச் சென்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமியின் அறிகுறி தென்பட்டது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதி செய்தது. அவ்வாண்டு மே மாதத்தில், அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் எச். வி. ஹண்டே தமிழகச் சட்டமன்றத்தில் அதனை அறிவித்தார்.

இந்திய மருத்துவ வரலாற்றில் இது பெருமைக்குரிய அத்தியாயம். ஆனால் இரத்தம் தந்த பெண்களின் நிலை என்ன ஆயிற்று? நாட்டுக்கு அபாய அறிவிப்பைத் தந்தது அவர்களுடைய உடல். அவர்களுக்குக் கிடைத்ததோ பூட்டிய கதவு. நோய் கண்ட பெண்கள், தங்கள் காவற்காலம் முடிந்த பின்னரும் வெளியே விடப்படவில்லை. வெளியே விட்டால் பரப்புவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அவர்களுக்குத் தொற்றைத் தந்த ஆண்கள் யார், எங்கே என்று தேடியவர் இல்லை.

1989இல் கோவாவில், இரத்த தானம் செய்ய முன்வந்த இளைஞர் டோமினிக் டிசூசா, கிருமி இருப்பது தெரிந்ததும் கைது செய்யப்பட்டு, பழைய காசநோய் விடுதி ஒன்றில் 64 நாள் காவலில் வைக்கப்பட்டார். அம்மாநிலத்துச் சுகாதாரச் சட்டம் அதற்கு இடங்கொடுத்தது. அவருடைய தாயார் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லும் என்றே கூறிற்று. அதே ஆண்டில் நாடாளுமன்றத்தில் வந்த எய்ட்ஸ் தடுப்பு மசோதாவும் பெரிதும் அடைத்துவைக்கும் எண்ணத்திலேயே எழுந்தது. எதிர்ப்பு வலுத்ததால் பின்னர் கைவிடப்பட்டது. டோமினிக், தம்மைப் போன்றவர்களுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கிவிட்டு 1992இல் மறைந்தார்.

1990இல் சென்னைக்கு ஒரு ரயில் வந்தது. பம்பாயின் விலைமாதர் தெருக்களிலிருந்து மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் அதில் வந்தார்கள். அந்த ரயிலுக்கு 'முக்தி எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வழங்கிற்று. நோக்கம் நல்லதே. ஆயினும், இறங்கியவர்களிடம் அவர்கள் இசைவைக் கேளாமலே இரத்தம் சோதிக்கப்பட்டது. பலருக்குக் கிருமி இருந்தது. செய்தி பரவிற்று, காப்பகத்துக் கதவு மீண்டும் பூட்டிக்கொண்டது. வெளிமாநிலத்திலிருந்து தாய்நாடு திரும்பிய பெண்களுக்குத் தாய்நாடு தந்த வரவேற்பு இது. முக்தி என்னும் சொல்லை எண்ணிப் பார்க்குந்தோறும் நெஞ்சு கூசுகிறது.

அக்கதவு திறந்ததற்குக் காரணமானவர் ஒரு பத்திரிகையாளர். சியாமளா நடராஜ் என்னும் அப்பெண்மணி, நோயுற்ற பெண்களைச் சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்திருப்பதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள். வழக்கோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 'சியாப்' என்று சுருக்கமாக அழைக்கப்பெறும் தென்னிந்திய எய்ட்ஸ் செயல் திட்டம் அவர் முயற்சியால் உருவாயிற்று. பாலியல் தொழிலாளர் தாமே கூடிப் பேசவும், ஆலோசனை கூறவும், சங்கம் அமைக்கவும் அது துணை நின்றது.

ஏறக்குறைய அதே காலத்தில் கல்கத்தாவில் ஒரு சோதனை நடந்தது. 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா, சோனாகாச்சி என்னும் பகுதியில் நோய்த்தடுப்புப் பணியை மேற்கொண்டார். வெள்ளையுடை மருத்துவர் வீடுவீடாகச் சென்று அறிவுரை கூறுவதால் பயனில்லை என்பதை அவர் விரைவில் கண்டுகொண்டார். அத்தெருவிலேயே வாழும் பெண்களைத் தேர்ந்து பயிற்சியளித்தார். சகக் கல்வியாளர் என்று இன்று நாம் வழங்கும் பணியாளர் அவர்களே.

இதில் உள்ள நுட்பம் எண்ணத் தக்கது. ஆணுறை இன்றி வரவேண்டாம் என்று ஒரு பெண் மட்டும் மறுத்தால், வாடிக்கையாளன் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். அவளுக்கு அன்றைய சோறு இல்லை. தெரு முழுவதும் ஒருசேர மறுத்தாலோ, அவனுக்குப் போக்கிடம் இல்லை. ஆகவே நோய்த்தடுப்பு என்பது அறிவுரையால் மட்டும் நிறைவேறாது, கூட்டுறவு வேண்டும். மறுக்கத் துணிவு வேண்டுமானால் கடன்காரனின் பிடி தளர வேண்டும். 1995இல் 'துர்பார்' என்னும் தங்கள் சங்கத்தைக் கண்ட அப்பெண்கள், அதே ஆண்டில் 'உஷா' என்னும் கூட்டுறவுச் சங்கத்தையும் அமைத்தனர். உறுப்பினர் நல்லொழுக்கம் உடையோராதல் வேண்டும் என்று கூட்டுறவுச் சட்டம் குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் என்று எழுதிக்கொடுத்தால் பதிவு எளிதில் முடியும் என்று யோசனை வந்தது. அவர்கள் இசையவில்லை, தங்கள் தொழிலின் பெயராலேயே பதிவு வேண்டும் என்றார்கள். இறுதியில் வளைந்து கொடுத்தது சட்டந்தான்.

கிழக்கெல்லையில் இன்னொரு வகைத் துன்பம் இருந்தது. மணிப்பூரின் மோரே நகரம் தமிழருக்கு அந்நியமன்று. 1960களில் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்த தமிழர் பலர் அங்கே குடியமர்ந்து, அங்காள பரமேசுவரிக்குக் கோயிலும் எடுத்தனர். பர்மாவிலிருந்து அவ்வெல்லை வழியே ஹெராயின் வந்தது. மணிப்பூர் இளைஞர்கள் அதனை ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். ஊசி கிடைப்பது அரிதாகவே, ஒன்றைப் பலர் பகிர்ந்தனர். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் எச்.ஐ.வி. அவர்களிடையே காட்டுத்தீ போலப் பரவிற்று. அரசும் சமூகமும் முதலில் கையாண்டவை சிறையும் அடியும். 1991இல் இம்பாலில், போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட சில இளைஞர் கூடி 'சாசோ' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசியைக் கொடுக்கும் பணி அத்தகையோர் கைகளில் வளர்ந்தது. ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாம் நகரம் 1984இல் மேற்கொண்ட வழி அது. அங்கும் போதைப் பழக்கமுடையோர் சங்கத்தின் வற்புறுத்தலே அதற்கு வித்து.

ஊசி கொடுப்பது போதையை வளர்ப்பது ஆகாதா என்று நல்லோர் கேட்பது இயல்பே. இதற்குத் தீங்கு குறைத்தல் என்று பெயர். இன்றே விட்டுவிடு என்று சொல்லி விடாதவனைக் கைவிடுவதற்குப் பதிலாக, விடும் நாள்வரை அவனை உயிரோடு வைத்திருப்பது அதன் கொள்கை. பகிராத ஊசி முதற்படி. அடுத்த படியில் ஊசிக்கு மாற்றாக, புப்ரெனார்பின் என்னும் மாத்திரையை நாவின் கீழ் வைத்துக் கரைக்கச் செய்கிறார்கள். உடல் நடுக்கமும் வேதனையும் அடங்கும். அவன் வேலைக்குப் போவான். ஊசியின் தேவை குறையும். நாள்தோறும் மையத்துக்கு வந்து பணியாளர் முன்னிலையில் அதனை உட்கொள்ள வேண்டும். அங்ஙனம் வருகிறவனைக் காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் சோதிப்பதும் எளிதாகிறது. சென்னையில் 1990களில் பலர் ஊசியில் ஏற்றிக்கொண்ட மருந்தே புப்ரெனார்பின்தான் என்பது விந்தை. நரம்பில் ஏறியபோது நஞ்சானது, நாவின் கீழ் மருந்தாயிற்று.

தமிழ்நாட்டின் கதைக்குத் திரும்புவோம். 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தனிச் சங்கமாகப் பதிவாயிற்று. பிற மாநிலங்கள் பின்பற்றிய முன்மாதிரி அது. அடுத்த ஆண்டில் சென்னை அடையாற்று வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மருத்துவமனை அமெரிக்க உதவியோடு ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கி, நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்களிடையேயும் பாலியல் தொழிலாளரிடையேயும் தொண்டு நிறுவனங்கள் வாயிலாகப் பணி செய்தது. சுவர்தோறும் புள்ளிராஜா என்னும் பெயரைக் கண்டு ஊரே பேசிய காலத்தைச் சிலர் நினைவு கூரலாம். தேனி மாவட்டத்து ஆண்டிபட்டியில் தொழுநோயாளருக்காகத் தோன்றிய ஆரோக்கிய அகம், பிற்காலத்தில் எச்.ஐ.வி. உடையோரையும் அரவணைத்தது. ஒரு நோயின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களை அறிந்தோர் மற்றொரு நோயின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களை அஞ்சவில்லை.

இவற்றினும் பெரிய மாறுதல் நோயுற்றோர் தாமே மேடையேறியதாகும். 1997இல் எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு அகில இந்திய அளவில் சென்னையில் உருவாயிற்று. அதன் முன்னோடிகளுள் ஒருவரான அசோக் பிள்ளை 2002இல் இளமையிலேயே காலமானார். 1998இல் நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா, தம்மைப் போன்ற பெண்களைக் கூட்டி மகளிர்க்கெனத் தனிக் கூட்டமைப்பு கண்டார். லாரித் தொழிலில் இருந்த கணவரிடமிருந்து, மணமான சில நாட்களிலேயே தொற்றைப் பெற்றவர் அவர். பெயரையும் முகத்தையும் மறைத்துக்கொள்ளாமல் பேசினார். கணவனை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, சொத்தும் மறுக்கப்பட்ட இளம்பெண்களுக்கு மருந்துக்கு முன் வேண்டியது ஒரு வழக்கறிஞர் என்பதை அக்கூட்டமைப்பு நன்கு அறிந்திருந்தது. 1998இலேயே சென்னையில் சகோதரன் என்னும் அமைப்பு, ஆணோடு ஆண் உறவுடையோர்க்கும் திருநங்கையர்க்கும் இடமளித்தது. பத்தாண்டு கழித்து, 2008இல், திருநங்கையர் நலவாரியம் அமைத்த முதல் மாநிலம் என்னும் பெயரைத் தமிழ்நாடு பெற்றது.

இத்தகைய தொண்டர்க்கு ஆபத்தும் இல்லாமல் இல்லை. 2001இல் லக்னோவில், ஆணுறையும் அறிவுப் பிரசுரமும் வழங்கிய தொண்டர் நால்வர் கைதாகி 47 நாள் சிறையில் இருந்தனர். அறிவுரை கூறியதே அவர்கள் செய்த குற்றம். தன்பாலுறவைக் குற்றமாக்கிய விதியை 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் நீக்கும்வரை அந்த அச்சம் நீங்கவில்லை.

2004 ஏப்ரல் 1ஆம் நாள் நாட்டில் எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கிற்று. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. 1928இல் காசநோயாளருக்காக டாக்டர் சௌரி முத்து நிறுவிய அந்த விடுதி, வேறெங்கும் படுக்கை கிடைக்காத எச்.ஐ.வி. நோயாளிகளை அதற்கு முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது. மருந்து வந்ததும் இன்னொரு தேவை எழுந்தது. வாழ்நாள் முழுதும், நேரம் தவறாமல் உட்கொள்ள வேண்டிய மருந்தைப் பற்றித் தாமே உட்கொள்ளும் ஒருவர் சொன்னால்தான் பிறர் நம்புவர். ஆகவே சிகிச்சை மையங்களில் எச்.ஐ.வி. உள்ள ஒருவரையே ஒருங்கிணைப்பாளராக அமர்த்தும் முறை வந்தது. காப்பகத்தில் பூட்டப்பட்டிருந்தவர்களின் வகையினர், இப்போது மருத்துவமனையில் மேசைக்கு மறுபுறம் அமர்ந்தார்கள்.

பலன் கண்கூடு. தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களிடையே 2000இல் நூற்றுக்கு 1.7 ஆக இருந்த தொற்று, 2004இல் 1.1 ஆகக் குறைந்தது என்று 2006இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. இப்புகழ் முழுவதும் சகக் கல்வியாளருக்கே உரியது என்று கூறுவது மிகையாகும். இரத்த வங்கிச் சீர்திருத்தமும், மருந்தும், விளம்பரமும் சேர்ந்தே இது நிகழ்ந்தது. ஆயினும் மறைந்து வாழும் மக்களை மருத்துவமனை வாயிலுக்கு அழைத்து வந்தது அவர்களுடைய கால்களே. அந்தக் கால்களுக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பூதியம் மிகச் சொற்பம் என்பதையும், அயல்நாட்டு நிதி குறைந்தபின் பல சங்கங்கள் தளர்ந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. வேலையைத் தொண்டு என்று அழைத்துக் கூலியைக் குறைப்பது நம் நாட்டின் பழைய தந்திரம்.

சட்டமும் மெல்ல வந்து சேர்ந்தது. 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், இசைவின்றிச் சோதிப்பதையும், நோயின் காரணமாக வேலையும் வீடும் மறுப்பதையும் தடை செய்கிறது. அதன் 22ஆம் பிரிவு தொற்றின் அபாயத்தைக் குறைக்கும் எந்த முறையும் குற்றமாகாது என்று விதிக்கிறது. பாலியல் தொழிலாளிக்கு ஆணுறை தருவதும், போதைப் பழக்கமுடையவனுக்குத் தூய ஊசி தருவதும் அங்கே எடுத்துக்காட்டுகளாகச் சொல்லப்பட்டுள்ளன. 1990இல் குற்றவாளிக் கூண்டுக்கு அருகில் நின்ற பணி, சட்டப் புத்தகத்தில் உதாரணமாக இடம் பெற்றுவிட்டது. 2022 மே மாதத்தில், பாலியல் தொழிலாளரையும் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் காவல்துறையினருக்குக் கட்டளையிட்டது.

இனி நம்மைப் பற்றி ஒரு சொல். அரசாங்க ஏடுகளில், லாரி ஓட்டுநருக்கும் ஊர்விட்டுப் பிழைக்கும் தொழிலாளருக்கும் 'பாலமாக அமையும் மக்கள்' என்று ஒரு பெயர் உண்டு. நோய் ஒரு கூட்டத்திலிருந்து மற்றொரு கூட்டத்துக்கு அவர்கள் வழியாகக் கடக்கிறதாம். கணக்கெடுப்போர்க்கு அச்சொல் தேவைப்படலாம். ஆனால் பெயர்ந்து வாழ்வது ஒரு நோயன்று. துணையில்லாத் தனிமையும், மொழி தெரியாத மருத்துவமனையும், ஒருநாள் கூலியை இழக்கும் அச்சமுமே ஒருவனை ஆபத்துக்கு அருகில் கொண்டுவிடுகின்றன. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்ணையோ, வாளையாற்றைக் கடந்து சரக்கேற்றிச் செல்லும் ஓட்டுநரையோ பார்த்து இவர்களிடம் நோய் இருக்கும் என்று எவரேனும் சொன்னால், மண்டபம் முகாமின் காலத்துக்கு அவர் திரும்பிவிட்டார் என்று கொள்ளலாம்.

எல்லை கடந்தால் சேவைகளின் பெயர்கள் மாறிவிடும். அதனால் தடுமாற வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் என்று எழுதியிருக்கும் பரிசோதனைக் கூடத்துக்குக் கேரளத்தில் ஜோதிஸ் என்று பெயர். கூட்டு மருந்து தரும் இடம் அங்கே உஷஸ். பால்வினை நோய்க்கான மருத்துவம் புலரி. சகக் கல்வியாளர் பணி புரியும் திட்டம் சுரக்ஷா. பரிசோதனை இலவசம், பெயரும் முடிவும் இரகசியமாக வைக்கப்படும். கம்பத்திலோ தேனியிலோ மருந்து பெறுகிறவர் மலைமேல் பல மாதம் தங்க நேர்ந்தால், மாற்றுச் சீட்டு வாங்கிக்கொண்டு இடுக்கியிலேயே மருந்தைத் தொடரலாம். பம்பாய்க்கோ தில்லிக்கோ போகிறவருக்கும் அதே வழிதான். எந்த மையம் அருகில் உள்ளது என்று அறிய, கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1097.